இரண்டு பேருக்குத் தெரிந்த இடம்

அண்ணன் பிலேந்திரன் வரமாட்டான் என்று தனிஸ்லாஸ் நினைத்தான், வந்துவிடக் கூடாது என்றும் நினைத்தான், வராமல் போனால் ஊர் என்ன பேசும் என்றும் நினைத்தான், ஆக மொத்தம் நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் கடற்கரைக் குருசடியின் படியில் உட்கார்ந்திருந்தான். இரண்டாம் பூசை முடிந்து ஊர் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வீடு திரும்பியிருந்தது. குருசடி என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை, நாலு சுவர், மேலே ஓடு, உள்ளே தேக்கில் ஒரு சிலுவை, அந்தச் சிலுவையின் அடியில் ஆட்கள் கை வைத்து வைத்து வழுவழுத்துப்போன ஒரு இடம். காலையில் யாரோ நட்டுவிட்டுப் போன மெழுகுவர்த்தி ஏற்றாமலேயே வெயிலில் வளைந்து தலையைத் தொங்கப்போட்டிருந்தது. ஊர்க் கமிட்டிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பங்குச்சாமியும் வருவார். அண்ணன் அந்த வழுவழுப்பான இடத்தில் வலது கையை வைத்து, கடலடிப் பாரில் மருந்து ஊற்றியவன் நானில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் விவகாரம் முடிந்தது, ஊர் அதற்கு மேல் மூச்சு விடாது. அண்ணன் தம்பி என்பதும் அதோடு முடிந்தது. சிலுவையில் கை வைக்கச் சொன்னவனும் கை வைத்தவனும் அதற்குப் பிறகு ஒரு வீட்டில் கை நனைக்கக் கூடாது, ஒருவன் செத்தால் மற்றவன் குழியில் மண் போடக் கூடாது, இந்த ஊரில் அது யாரும் எழுதி வைக்காத சட்டம். கை வைக்கச் சொல்லிக் கேட்டது தனிஸ்லாஸ்தான். கமிட்டியின் முன்னால், நாலு பேர் கேட்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான். அன்றைக்கு நாக்கு எவ்வளவு நீளமாக இருந்தது. இன்றைக்கு அதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, தண்ணீர் குடித்தாலும் போகவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று பார்த்தான். வீட்டில் பெண்சாதி செலின் இருப்பாள், என்ன ஆச்சு என்பாள். உட்கார்ந்தே இருந்தான்.

என்ன ஆச்சு. அதைத்தானே அவனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். கடலுக்கடியில் இருக்கும் பவளத் திட்டை இந்தக் கரையில் பார் என்பார்கள். பார் இருக்கிற இடத்தில் கலவா இருக்கும், கிளிமீன் இருக்கும், சிங்கி எறால் பொந்துக்குப் பொந்து மீசையை ஆட்டிக்கொண்டு இருக்கும், பார் கண்டவன் பட்டினி கிடக்க மாட்டான். அதனால் பார் கண்டவன் வாயைத் திறக்கவும் மாட்டான். கரையில் தெரிகிற இரண்டு அடையாளங்களைக் கண்ணால் பொருத்தி இடம் பிடிப்பதுதான் வழி. கோவில் கோபுரத்துச் சிலுவை மலையின் பல்லிடுக்கில் போய் உட்கார வேண்டும், விளக்குமரம் பனைக்கூட்டத்தின் ஓரத்தைத் தொட வேண்டும், இரண்டும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் நங்கூரத்தைப் போட்டால் கீழே பார். அதற்குக் கணியம் என்று பேர். இங்கே ஒருத்தன் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாப் பாவத்தையும் சொல்லுவான், கணியத்தைச் சொல்ல மாட்டான். ஜிபிஎஸ் வந்த பிறகும் தனிஸ்லாஸ் அந்த இடத்தை மெஷினில் ஏற்றவில்லை, மெஷினை எவனாவது தூக்கிக்கொண்டு போனால்? அந்தப் பாரை அவனும் அண்ணனும் ஒன்றாகக் கண்டார்கள், இரண்டு பேருக்கும் மீசை அரும்பாத காலத்தில், அறுந்துபோன நங்கூரத்தைத் தேடி முங்கியபோது. நங்கூரம் கிடைக்கவில்லை, பார் கிடைத்தது. அன்றிலிருந்து அது இரண்டு பேருக்குத் தெரிந்த இடம். மூன்றாவது ஆள் கிடையாது. தனித்தனி வள்ளம் ஆன பிறகும், தனித்தனி வீடு ஆன பிறகும், பின்னால் யாரும் வருகிறார்களா என்று பார்த்து, வேறு திக்கில் ஓடி, சுற்றிவளைத்துத்தான் இரண்டு பேரும் அங்கே போவார்கள். போன மாதம் தனிஸ்லாஸ் அங்கே முங்கினான். பார் முழுக்க வெள்ளை. மஞ்சளும் ஊதாவும் தவிட்டு நிறமுமாகக் கிடந்தது, திருவிழாவுக்குச் சுண்ணாம்பு அடித்தது போல ஒரே வெள்ளை. மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதே அவனுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இரண்டு பேருக்குத் தெரிந்த இடம். நான் செய்யவில்லை. அப்படியானால்? சிங்கி எறாலை வெளியே வரவைக்கப் பொந்துக்குள் மருந்து பீச்சுகிற ஆட்கள் வெளியூரில் உண்டு, அது பட்ட பார் வெளுத்துவிடும். அண்ணனின் வள்ளத்தில் நீலக் கேன் ஒன்று கிடந்ததை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். மண்ணெண்ணெய்தாம்லே அது, என்றான் அண்ணன். எந்தக் கள்ளன் ஒத்துக்கொண்டான்.

அந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. நேற்று வரை இல்லை. நேற்றுச் சனிக்கிழமை, தனிஸ்லாஸ் தன்னுடைய இன்னொரு இடத்துக்கு, வேறொரு பாருக்குப் போனான். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனோடு பேச்சு நின்றுபோவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, காய்ச்சலில் அண்ணன் படுத்துக் கிடந்த ஒரு வாரத்தில், தனியாகப் போய்த் தனியாகக் கண்டது. அண்ணனிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, நம் கையில் ஒன்று இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு. செலினுக்குக் கூடத் தெரியாது. பிள்ளை பிறந்து பெயர் வைத்த நாளில்கூட, குடித்திருந்தபோதுகூட, வாய் தவறியதில்லை. அந்த இடத்துக்குப் போய் நேற்று முங்கினான். முங்கினால் கொஞ்ச ஆழத்தில் குளிர் வந்து நெற்றியில் மோதும், அதுதான் கடலின் வாசல்படி, அதைத் தாண்டினால் கீழே வேறு உலகம். நேற்று அந்தக் குளிர் வரவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று இறங்கிக்கொண்டே போனான், காது வலித்தது, அடி வந்துவிட்டது, குளிர் வரவே இல்லை, குளிப்பதற்கு விளாவி வைத்த தண்ணீர் போல அடிமட்டம் வரைக்கும் ஒரே வெதுவெதுப்பு. வெள்ளை. அங்கேயும் வெள்ளை. மான்கொம்பு போலக் கிளை விட்ட பவளம் எல்லாம் வெள்ளை, உருண்டைப் பவளம் வெள்ளை, வெயில் இறங்கிப் பட்டபோது கண் கூசியது. முதல் நொடியில் அவனுக்கு அது அழகாக இருந்தது. பிறகுதான் காது சொன்னது. பாருக்கு ஒரு சத்தம் உண்டு. தாளிக்கும்போது கடுகு வெடிப்பது மாதிரி, பொரிபொரியென்று, ஓயாமல், ராப்பகல் இல்லாமல், அதற்குள் இருக்கிற சின்னச் சின்ன உயிர்கள் போடுகிற சத்தம். சின்ன வயதில் முங்கினபோது பார் நம்மைப் பற்றித்தான் பேசுகிறது என்று பிலேந்திரன் சொல்லுவான். நேற்று அது பேசவில்லை. தன் நெஞ்சு அடிப்பது மட்டும் அவனுக்குக் கேட்டது. ஒரு கிளிமீன், ஒரே ஒரு கிளிமீன், வெள்ளைக் கிளையைக் கொத்திப் பார்த்துவிட்டு, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு, எங்கே போவது என்று தெரியாதது போல அங்கேயே நின்றது.

இரண்டு பேருக்குத் தெரிந்த இடம் என்றால் அண்ணன். ஒருவனுக்கு மட்டும் தெரிந்த இடம் என்றால்? நேற்றிலிருந்து இந்த இடத்தில்தான் அவனுடைய மண்டை வந்து வந்து முட்டுகிறது. ராத்திரி செலின் அவன் முதுகில் கை வைத்து, ஏன் இப்படி வேர்க்குது என்று கேட்டாள். நான் ஊற்றினேனா? தூக்கத்தில் எழுந்துபோய் ஊற்றினேனா? சிரிப்பு வரவில்லை. எவனாவது பின்னால் வந்திருப்பான், அண்ணனே வந்திருப்பான், மறைந்து மறைந்து வந்திருப்பான் என்று ஒரு கதையைக் கட்டிப் பார்த்தான், அந்தக் கதை விடியும் வரைகூட நிற்கவில்லை. அடிமட்டம் வரைக்கும் தண்ணீரைச் சூடாக்க அண்ணனிடம் எத்தனை நீலக் கேன் இருக்கிறது? கல்லூரியிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து பாரிஷ் ஹாலில் திரை கட்டிப் படம் காட்டியதை நினைத்தான். போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ. பவளத்துக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது, அதுதான் பவளத்துக்கு நிறம், அதுதான் சோறு, கடல் சூடானால் பவளம் அதை வெளியே தள்ளிவிடும், அப்புறம் வெளுத்துப்போகும் என்றாள். அவன் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, கடலுக்குக் காய்ச்சலாம், கசாயம் வச்சுக் குடுங்கம்மா என்று சத்தமாகச் சொன்னான், ஹாலே சிரித்தது, அவளும் சிரித்தாள். பக்கத்தில் அண்ணன்தான் இருந்தான், அவன் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். பிறகு அவள் சொன்ன ஒன்று அப்போது காதில் விழவே இல்லை, இப்போது முழுசாகக் கேட்கிறது. வெள்ளையாக இருக்கும்போது அது இன்னும் சாகவில்லை, பசியில் இருக்கிறது, தண்ணீர் குளிர்ந்தால் பிழைக்கும், குளிரவில்லை என்றால் அப்படியே போய்விடும். பசியில் இருக்கிறது. பசியில் கிடக்கிற ஒன்றைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று நினைத்தேனே. யாரிடம் போய்க் குளிரச் சொல்வது? அண்ணன் செய்தது என்றால் அண்ணன் சட்டையைப் பிடிக்கலாம், கமிட்டியைக் கூட்டலாம், இனிமேல் செய்யாதே என்று சத்தியம் வாங்கலாம். இதற்கு எவன் சட்டையைப் பிடிப்பது? தனிஸ்லாஸுக்குப் பயமாக இருந்தது. புயலில் வள்ளம் கவிழ்ந்தபோது பயந்திருக்கிறான், அது வேறு, அந்தப் பயத்துக்குக் கையும் காலும் உதறும், எதையாவது பிடிக்கும். இந்தப் பயம் பிடிக்க எதையும் தரவில்லை. ஒருதரம் சிப்பி எடுக்க முங்கி, பாறை இடுக்கில் கால் மாட்டி, கண் இருண்டு, அவ்வளவுதான் என்று ஆனபோது, மேலேயிருந்து ஒரு கை வந்து தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. அண்ணன் கை. மேலே வந்ததும் செகிட்டில் ஒரு அறை போட்டான், பிறகு இவனைக் கட்டிக்கொண்டு இவனைவிட அதிகமாக அழுதான். அந்தக் கையைத்தான் இப்போது சிலுவையில் வைக்கச் சொல்லியிருக்கிறான்.

சொல்லிவிடலாம். அவ்வளவு கஷ்டமா அது? கமிட்டி வந்ததும் எழுந்து நின்று, சாமி, நான் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அண்ணன் செய்யவில்லை என்று சொன்னால் தீர்ந்தது. எப்படித் தெரியும் என்பார்கள். எனக்கு இன்னொரு இடம் உண்டு, அங்கேயும் இப்படித்தான் என்று சொல்ல வேண்டும். பெர்க்மான்ஸ் விடமாட்டான், கமிட்டித் தலைவன், எதையும் நோண்டிப் பார்க்கிறவன், எங்கே அந்த இடம் என்பான். இப்போது அதைச் சொன்னால் என்ன போயிற்று, செத்த இடத்துக்குக் கணியம் எதற்கு? ஆனாலும் வாய் வராது போலிருந்தது, நாக்கு அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த நாக்கு. அது மட்டும் இல்லை. அதைச் சொன்னால் ஒவ்வொருத்தனும் தன் தன் இடத்தை நினைப்பான். இந்த ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை ரகசிய இடம் இருக்கிறதோ, அத்தனை பேரும் இன்னும் முங்கிப் பார்க்காமல், நம்முடையது நன்றாகத்தான் இருக்கிறது என்று சோறு தின்றுகொண்டிருக்கிறார்கள். முங்கிப் பார்த்தவன் எவனாவது இருந்தால் அவனும் பேசமாட்டான், பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருப்பான். ஊர் முழுக்க அப்படித்தான் இருக்கிறதோ? ஆளுக்கொரு செத்த இடத்தை மடியில் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு அண்ணனைச் சந்தேகப்பட்டுக்கொண்டு? தனிஸ்லாஸ் கடலைப் பார்த்தான். கடல் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தது, நீலமாக, ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஒரு வள்ளம்கூட இல்லாமல், பார்க்க லட்சணமாக. அதன் மேல் அவனுக்கு ஆத்திரம் வந்தது, உடனே அழுகையும் வந்தது, மணலில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

பெர்க்மான்ஸ் முன்னால் வந்தான், அவனுக்குப் பின்னால் கமிட்டிக்காரர்கள், குடை பிடித்துக்கொண்டு பங்குச்சாமி. கொஞ்சம் தள்ளி பிலேந்திரன் வந்துகொண்டிருந்தான், பூசைக்குப் போட்ட அதே வெள்ளைச் சட்டை, பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் பெண்சாதி வெரோணிக்கம். அண்ணன் மெலிந்திருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது. இத்தனை நாள் கை வைக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தவன், தம்பிக்கு முன்னால் சத்தியம் பண்ணுற அளவுக்கு நான் செத்துப்போவல்ல என்றவன், இப்போது தனிஸ்லாஸைப் பார்த்தும் பார்க்காமலும் குருசடிக்குள் போனான். தனிஸ்லாஸ் எழுந்தான். எழுந்தது அவனுக்கே தெரியவில்லை. "சாமி," என்றான்.

"நீ பொறுலே," என்றான் பெர்க்மான்ஸ். "ஒனக்க பேச்சு முடிஞ்சாச்சு. இப்பம் அவன் சொல்லட்டு."

"பிலேந்திரா," என்றார் சாமி, "சிலுவையத் தொட்டுச் சொன்னா திரும்ப எடுக்க முடியாது. யோசிச்சுச் சொல்லு."

பிலேந்திரன் வலது கையைத் தூக்கினான். அந்த வழுவழுப்பான இடத்துக்கு மேலே கை நின்றது. பிறகு கீழே இறங்கிவிட்டது.

"நான் கை வைக்கல்ல சாமி," என்றான். "நாந்தான் செஞ்சேன். மருந்து ஊத்துனது நாந்தான்."

வெரோணிக்கம் வாயில் முக்காட்டை அடைத்துக்கொண்டாள். பெர்க்மான்ஸ் சுற்றிப் பார்த்தான், அவன் முகத்தில் கோபம் வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துபோனது, தனிஸ்லாஸ் அதைப் பார்த்தான், ஒரு ஆசுவாசம். கமிட்டிக்காரர்கள் எல்லார் முகத்திலும் அது வந்தது. ஆள் கிடைத்துவிட்டான். சாமிகூட நீளமாக மூச்சு விட்டார். அதற்கு மேல் எல்லாம் மளமளவென்று நடந்தது. மாதா திருவிழா முடிகிற வரைக்கும் பிலேந்திரனின் வள்ளம் கடலில் இறங்கக் கூடாது, திருவிழா நவநாள் முழுக்கக் கோவில் முற்றத்தை அவன் பெருக்க வேண்டும். தப்பை ஒத்துக்கொண்டதால் உறவு முறியாது, தம்பி எல்லார் முன்னாலும் மன்னித்தேன் என்று சொல்லிவிட்டால் இன்றைக்கே ஒரு வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடலாம். அதுவும் இந்த ஊரில் எழுதாத சட்டம்தான். எல்லாரும் தனிஸ்லாஸைப் பார்த்தார்கள்.

அவன் அண்ணனைச் சிலுவைக்குப் பின்புறம் இழுத்துக்கொண்டு போனான். "என்னத்துக்கு அண்ணே பொய் சொன்ன?" என்றான், காதோடு. "நீ செய்யல்ல. எனக்குத் தெரியும். எனக்கு வேற ஒரு எடம் உண்டு. ஒனக்குத் தெரியாது. நேத்து அங்க போனேன். அங்கயும் வெள்ளதான்."

பிலேந்திரன் ஆச்சரியப்படவில்லை. "எனக்கும் ஒரு எடம் உண்டுலே," என்றான். "ஒனக்கும் தெரியாது."

அதுவும் வெள்ளையா என்று தனிஸ்லாஸ் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"கை வச்சிருந்தா நீ எனக்கு இல்லாம போயிருவ," என்றான் அண்ணன். "அது ஒண்ணு. இன்னொண்ணு என்னன்னா, மக்கா, நான் செஞ்சதா இருந்தா, நான் நிறுத்துனா செரியாப்போவும்லா? ஊரு அப்பிடி நெனச்சிட்டுக் கெடக்கட்டு. கொஞ்ச நாளாவது. நீயும் நெனச்சுக்க." உதடு சிரிப்பது போல இழுபட்டது. "நானே நெனச்சுப் பாத்தேன். நேத்து ராத்திரி நல்ல ஒறக்கம் வந்துது."

"லேய், என்ன குசுகுசுப்பு?" என்றான் பெர்க்மான்ஸ். "மன்னிக்கியா இல்லியா, சொல்லு."

இப்போது சொல்லலாம், இதுதான் கடைசி என்று தனிஸ்லாஸுக்குத் தெரிந்தது. இவன் செய்யவில்லை, யாருமே செய்யவில்லை, அடி வரைக்கும் வெந்நீராகிவிட்டது, உங்கள் இடத்தைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லலாம். வெயிலில் நின்றிருந்த அந்த முகங்களைப் பார்த்தான். அவர்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றார்கள். அவனுக்கும் அந்த ஆசுவாசம் வேண்டியிருந்தது, வெட்கமாக இருந்தது, ஆனாலும் வேண்டியிருந்தது.

"மன்னிச்சேன்," என்றான்.

சாமி சிலுவை வரைந்தார். யாரோ கைதட்டினார்கள். வெரோணிக்கம் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கொழுந்தா, வாரும், சோறு இருக்கு, கடையில வாங்குன கோழிதான்" என்றாள். தனிஸ்லாஸ் வெளியே வந்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான், தலையைக் கவிழ்த்துக்கொண்டு. உள்ளங்காலுக்கடியில் மணல் சுட்டது. பக்கத்தில் பிலேந்திரன் வந்து நிற்பது தெரிந்தது. அண்ணனின் கை தலையில் வந்து விழுந்தது, விரல்கள் மயிருக்குள் நுழைந்தன. தனிஸ்லாஸ் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது இழுப்பான், இப்போது மேலே இழுப்பான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். கை சும்மா தலையில் கிடந்தது.